எண்பத்தெட்டு டிகிரி

மார்ச் 3

உரக்கடையில் கொடுத்த டைரி. ஜனவரி, பிப்ரவரி முழுக்க வெள்ளை. ரிடையர் ஆனவன் என்னத்தை எழுதுவது? காலையில் நடை, மாலையில் மாத்திரை. இன்றிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. வண்டியைக் கிளப்பப் போகிறேன்.

பம்பு கம்பெனியில் முப்பத்திநாலு வருஷம் டெஸ்ட் பெஞ்சில் நின்றவன் நான். பம்பு ஓடும், மீட்டரைப் பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பதுதான் அங்கே சட்டம். ஒரு தடவை மேனேஜர் ஒருத்தர், "மருதாசலம், ரெண்டு பாயின்ட் கூட்டிப் போட்டுக்கங்க" என்றார். பேனாவை அவரிடமே நீட்டி, "நீங்களே போட்டுக் கையெழுத்தையும் போட்டுருங்க சார்" என்றேன். அப்புறம் அந்த மனுஷன் என் பக்கமே வரவில்லை. இந்த டைரியும் அதே முறையில்தான்.

வண்டி 1964 மாடல். இங்கிலாந்தில் செய்த ரெண்டு சீட்டர், மேலே துணிக் கூரை, பச்சை நிறம். குட்டையாக, முட்டைக் கண்ணோடு இருப்பதால் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் தவளை. என் மகன் நவநீதன் வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட் கொட்டகையில் கிடந்ததைக் கொண்டுவந்தான். அதன் சொந்த எஞ்சின் துருவேறி இறுகிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஜப்பான் காரின் எஞ்சினை அதில் உட்கார வைத்தான். இரண்டு வருஷமாகப் போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது.

மார்ச் 4

மைசூர்க்காரர் ஒருவர் போன் செய்தார். பழைய கார்களைச் சேர்க்கிறவராம். தவளையை எடுத்துக்கொள்கிறாராம், ஆனால் ஒரு கண்டிஷன். லாரியில் ஏற்றி அனுப்பக் கூடாது. திம்பம் மலை ஏறி, தானாக ஓடி வர வேண்டும். "ஏறாத வண்டி என் ஷெட்டுல ஏற்கெனவே பத்து இருக்கு சார்" என்றார். மே பத்தாம் தேதி டிரைவரை அனுப்புவார்.

என் மனைவி வசந்தாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எப்படியோ அந்தச் சனியன் போனாச் சரிங்க. அது அங்க நிக்கற வரைக்கும் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டான் நவநீதன். பேத்திக்கு ஏழு மாசமாச்சு. இன்னும் இந்த வாசப்படிய மிதிக்கல."

தார்ப்பாயை உருவினேன். உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. கெரகம்.

மார்ச் 9

பூனைக்கு அட்டைப்பெட்டியில் தனிக் குடித்தனம் வைத்துக் கொடுத்தாயிற்று. புது பேட்டரி, புது ஆயில். அன்றைக்குக் கொதித்ததில் போன ஹெட் கேஸ்கட்டைப் போன வாரமே மாற்றிவிட்டேன்.

காலை 10.40. வெளி வெப்பம் 33. நின்ற இடத்தில் ஓடவிட்டேன். நவநீதன் வைத்த டிகிரி மீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. இருபது நிமிஷத்தில் 99. நிறுத்தினேன்.

"அன்றைக்கு" என்று எழுதிவிட்டேன். எதற்கு மூடி மறைக்க வேண்டும், எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்னால், ஜனவரியில், நவநீதனும் நானும் இந்த வண்டியில் கோத்தகிரிக்குப் புறப்பட்டோம். முதல் ஓட்டம். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இறங்கினான். பத்து நிமிஷம் பொறுத்தான். துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதித்த தண்ணீர் அவன் முகத்தில் பாய்ந்தது. இடது கண் போய்விட்டது.

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: அந்தச் சின்ன வண்டியில் அவ்வளவு பெரிய எஞ்சினை வைத்ததுதான் தப்பு. சம்பந்தி கேட்டார், அவரிடமும் இதைத்தான் சொன்னேன். நவநீதனும் அதையே நம்பிவிட்டான். எஞ்சின் டிசைன் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் மாமனாரின் பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டி எண்ணுகிறான்.

மார்ச் 12

உக்கடத்தில் ஹனிபா பாய் கடை. ரேடியேட்டர் வேலையில் அவரை அடிக்க ஆள் இல்லை. தூக்கிப் பார்த்தார். "இது உங்க எஞ்சினுக்குப் பத்தாதுங்கண்ணே. ரெண்டு அடுக்குதான் இருக்கு. மூணு அடுக்குல புதுசா ஒண்ணு கட்டித் தர்றேன்."

கட்டச் சொன்னேன். பழையதை என்ன செய்வது என்று கேட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நவநீதன் கையால் வைத்தது, கடையில் போட மனசு வரவில்லை.

மார்ச் 20

மூன்று அடுக்கு ரேடியேட்டர் மாட்டியாயிற்று. வெளி வெப்பம் 35. அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று. சிக்னலில் நின்றால் 101. ஓடினால் 96. இறங்க மாட்டேன் என்கிறது.

முதுகு ஒடிந்துவிட்டது. அறுபத்தோரு வயசில் தரையில் படுத்து ஹோஸ் கிளாம்ப் முடுக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

மார்ச் 27

ஒரு பழைய வேனின் ஃபேனை மாட்டினேன். காற்று பக்கவாட்டில் ஓடாமல் இருக்கச் சுற்றிலும் தகரக் கூடு. முன் சக்கரங்களை மரக்கட்டை மேல் ஏற்றி, மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றையெல்லாம் வெளியேற்றினேன். கொப்புளம் கொப்புளமாக வந்தது. வசந்தாமணி டீ கொண்டுவந்து, "குழந்தைக்கு ஏப்பம் விட வைக்கற மாதிரியே பண்றீங்க" என்றாள். சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

சிக்னலில் 98. நல்லதுதான். ஆனால் மலைக்கு இது ஆகாது.

ஏப்ரல் 2

ஹனிபா பாயே வீட்டுக்கு வந்து பார்த்தார். எஞ்சினிலிருந்து வரும் ஹோஸைத் தொட்டார், கீழ் ஹோஸைத் தொட்டார், தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, உள்ள தெர்மோஸ்டாட் இருக்குதா?"

"அது எதுக்குங்க பாய், நம்மூரு வெயிலுக்கு?"

"நானும் அப்படித்தாங்க முப்பது வருஷமாப் புடுங்கிப் போட்டேன். பழைய வண்டிக்கு ஓடிரும். இந்த மாதிரி எஞ்சின் சிலதுக்கு அது இல்லாட்டித்தாங்க சூடேறுது. போன வருஷம் ஒரு டாக்ஸிக்காரர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நவநீதன் தம்பி வச்சிருந்திருக்குமே?"

"தெரியலீங்க. பாக்கறேன்" என்றேன்.

தெர்மோஸ்டாட் என்பது கைக்கடிகாரம் அளவு ஒரு பித்தளைச் சாமான். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் சூடேறினால்தான் வழி திறக்கும். குளிர் தேசத்துக்காரன் எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று வைத்தது, நமக்கு எதற்கு என்று லாரிக்காரர், டாக்ஸிக்காரர், மெக்கானிக் எல்லோரும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார்கள். ஊரே எறிகிறது.

பாய் டீ குடிக்காமல் போய்விட்டார்.

ஏப்ரல் 3

வண்டியைத் தொடவில்லை. முதுகு வலி.

ஏப்ரல் 4

முதுகு வலி.

ஏப்ரல் 6

வசந்தாமணி கேட்டாள், "என்னங்க, வேலை நின்னு போச்சு? மே பத்து வந்துருமே." வெயில் தாழட்டும் என்றேன். சித்திரை பிறக்கப் போகிறது, வெயில் எங்கே தாழும். அவளுக்கும் அது தெரியும்.

ஏப்ரல் 9

நவநீதனின் அலமாரியில் பழைய ஃபேன் ஒயரிங் படம் இருக்குமா என்று தேடினேன். தவளைக்கென்று அவன் போட்டு வைத்திருந்த நோட்டு கிடைத்தது. நீல அட்டை. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று, மேட்டில் எவ்வளவு சூடு என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. எனக்குப் பாதிதான் விளங்கியது. பையன் கெட்டிக்காரன். இதை ஒரு நாளும் அவன் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை.

முப்பத்தோராம் பக்கம். அப்படியே எழுதுகிறேன்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றக் கூடாது. இந்த எஞ்சினில் அதற்கு அடியில் இன்னொரு தட்டு உண்டு. சூடானதும் ரேடியேட்டர் வழி திறக்கும், அதே நேரம் பக்க வழி மூடும். எடுத்துவிட்டால் பக்க வழி திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் பாதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். சமதரையில் சமாளிக்கும், மேட்டில் கொதிக்கும். அப்பா எடுக்கச் சொல்வார். உட்கார வைத்து விளக்கணும்."

அவன் என்னை உட்கார வைக்கவில்லை. நேரமில்லையோ, இல்லை நான்தான் உட்காராமல் போனேனோ.

கடைசியாக எழுதிய பக்கமும் பார்த்தேன். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு எழுதியது போலிருக்கிறது, எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கோட்டை விட்டு இறங்குகிறது. "கொதித்தது. காரணம்: எஞ்சின் மாற்றம். என் கணக்குத் தவறு."

ஏப்ரல் 10

சரி. எழுதுகிறேன்.

அந்தத் தெர்மோஸ்டாட் என் மேஜை டிராயரில் இருக்கிறது. பனியன் துணியில் சுற்றி, பழைய பென்ஷன் காகிதங்களுக்குக் கீழே. இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

கோத்தகிரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் நவநீதன் பெட்ரோல் வாங்கப் போயிருந்தான். நான் தெர்மோஸ்டாட் மேலிருக்கும் மூடியின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, அதை எடுத்துவிட்டு, மூடியை மறுபடி முடுக்கினேன். கெட்டது நினைத்துச் செய்யவில்லை. மலையில் அது மாட்டிக்கொண்டு வழி அடைத்துவிட்டால் என்ன ஆவது என்று பயம். சொன்னால் புத்தகத்தை விரித்துக்கொண்டு வாதாடுவான். மேலே போய் டீ குடிக்கும்போது பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டி, "இது இல்லாமயே ஏறிருச்சு பாரு"ன்னு சிரிக்கலாம் என்று இருந்தேன். சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். ஆம்புலன்ஸில் அவன் தலையை மடியில் வைத்திருந்தபோது அது என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் கொதித்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இது உண்மை. அதனால் இருக்குமோ என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். டெஸ்ட் பெஞ்சில் எழுதாமல் விட்ட ரீடிங்கும் பொய் ரீடிங்தான்.

ஏப்ரல் 14

சித்திரைக்கனி. வசந்தாமணி தாம்பாளத்தில் பழம், கண்ணாடி, நகை எல்லாம் வைத்துக் என் கண்ணைப் பொத்தி என்னைக் கூட்டிப் போனாள். கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் என் மூஞ்சி. வருஷம் இப்படியா தொடங்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து வீடியோ கால். பேத்தி இனியா தவழ்கிறாள். நவநீதன் கறுப்புக் கண்ணாடி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். "நல்லா இருக்கீங்களாப்பா?" என்றான். நல்லா இருக்கேன் சாமி என்றேன். இரண்டு வருஷமாக எங்களுக்குள் இந்த ஒரு கேள்வியும் இந்த ஒரு பதிலும்தான்.

ஏப்ரல் 15

தெர்மோஸ்டாட்டைப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தேன். 82-ல் மெல்ல வாய் திறந்தது. 90-க்குள் முழுசாகத் திறந்து, அடித் தட்டும் இறங்கிவிட்டது. ஒரு குறையும் இல்லை. மலையில் மாட்டிக்கொண்டிருக்காது.

வசந்தாமணி பின்னால் நின்றிருக்கிறாள். "என்ற பால் பாத்திரத்துல என்னங்க அது?"

"ஒரு பார்ட்டு."

"டிராயர்ல துணி சுத்தி வச்சிருந்தீங்களே, அதுதான?"

ஆமாம் என்றேன். பாத்திரத்தைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தாள்.

ஏப்ரல் 18

மாட்டினேன். வெளி வெப்பம் 36. அவிநாசி ரோடு, அதே சிக்னல்கள், அதே நேரம். 84. ஊசி ஆணி அடித்தது போல நின்றது.

வீட்டுக்கு வந்ததும் வாய்விட்டுச் சொன்னேன்: "மூணு அடுக்கு ரேடியேட்டர், பெரிய ஃபேன், எறங்காம என்ன செய்யும்?" பூனை மட்டும்தான் கேட்டது.

ஏப்ரல் 20

ஆமாம், ரேடியேட்டரும் ஃபேனும்தான் காரணம். அவன் வைத்த சாமான்களோடு தெர்மோஸ்டாட் இருந்திருந்தாலும் அன்றைக்குக் கொதித்துத்தான் இருக்கும். யாராவது இல்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

ஏப்ரல் 21

யாரும் சொல்ல வேண்டாம். மூன்று சாமானை மாற்றிவிட்டு எதனால் சரியாயிற்று என்று சொல்கிறவனை நானே பெஞ்சிலிருந்து இறக்கி விட்டிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவனுக்கெல்லாம் முதல் நாளே இதைத்தான் சொல்வேன்.

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்யப் போவதில்லை. வண்டி ஓடுகிறது. மே பத்தாம் தேதி போய்விடும். நவநீதன் வீட்டுக்கு வருவான். பேத்தி போர்ட்டிகோவில் தவழ்வாள். எதற்கு இதைக் கிளற வேண்டும்?

ஏப்ரல் 23

மதியம் புது ஃபேனைக் கழற்றினேன். தகரக் கூட்டைக் கழற்றினேன்.

ஏப்ரல் 24

மூன்று அடுக்கு ரேடியேட்டர் இறக்கியாயிற்று. அவனுடைய பழைய ரேடியேட்டர், பழைய ஃபேன், பழைய ஹோஸ். எல்லாம் அவன் முடுக்கி வைத்த இடத்திலேயே. ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் அடி இரும்பு வரைக்கும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறான், முடுக்கியாயிற்று என்று அடையாளம். நான் அன்றைக்குக் கழற்றிய தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டிலும்கூடக் கோடு இருக்கிறது. நான் மறுபடி முடுக்கியபோது அந்தக் கோடு சேரவில்லை. அன்றைக்குக் காலையில் அவன் பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பா வீட்டில் இருக்கும்போது வேறு யார் தொடுவார்கள் என்று பார்க்காமல் விட்டிருப்பான்.

வசந்தாமணி, "ஓடின வண்டிய எதுக்குங்க மறுக்கா பிரிச்சுப் போட்டீங்க?" என்றாள். இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி என்றேன்.

ஏப்ரல் 27

அவனுடைய சாமான்கள், அவனுடைய தெர்மோஸ்டாட், அதே கோத்தகிரி ரோடு. தனியாகப் போனேன். வேண்டுமென்றே உச்சி வெயிலில்.

12.05. மேட்டுப்பாளையம். வெளி வெப்பம் 37. ஊசி 86.

12.20. மலை ஆரம்பம். 87.

12.35. மூன்றாவது வளைவு. 88. முன்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஊர்ந்தேன். 88.

12.50. குஞ்சப்பனை. 88.

12.58. அந்த வளைவு. ஓரம் கட்டினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. நின்ற இடத்தில்தான் எந்த வண்டியும் சூடேறும். 90. 91. அவன் வைத்த சின்ன ஃபேன் ஓட ஆரம்பித்தது. 88.

கால் மணி நேரம் நின்றேன். 88.

கொதி, கொதிச்சுத் தொலை என்று ஸ்டியரிங்கை அடித்தேன். கடவுளே, கொதிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் ஜென்மத்தில் எந்த மெஷினும் கெட்டுப் போகட்டும் என்று நான் வேண்டியது கிடையாது. அது நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தது. மேலே போகிறவர்கள் எல்லோரும் வண்டியைப் பார்த்துக் கை காட்டினார்கள். ஒரு குடும்பம் இறங்கி வந்து போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்துக்கங்க என்றேன்.

ஏப்ரல் 28

வண்டி கொதிக்கவில்லை.

ஏப்ரல் 30

வசந்தாமணியிடம் சொன்னேன். காலையில், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. முதலிலிருந்து கடைசி வரைக்கும் நிறுத்தாமல் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. உரித்த வெங்காயத்தை எல்லாம் தட்டில் வைத்துவிட்டு, "அவங்கிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான்தான்."

"போன்ல சொல்லாதீங்க. நேராப் போய் நில்லுங்க. என்னைக் கூப்பிடாதீங்க. என்னால பாக்க முடியாது."

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மேஜையில் இருக்கிறது, நானே போட்டுக்கொள்கிறேன்.

மே 3

தவளையிலேயே திருப்பூர் போனேன். அந்த வண்டியைப் பார்க்க மாட்டேன் என்றவன் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது சரியா தெரியவில்லை. ஆனால் ரீடிங்கை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். இருக்கிற அந்த ஒரு கண்ணாலேயே.

எஞ்சின் சத்தம் கேட்டே வெளியே வந்துவிட்டான். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றான். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"எதுக்குங்கப்பா இத இங்க கொண்டாந்தீங்க?"

தெர்மோஸ்டாட்டைச் சுற்றி வைத்திருந்த பனியன் துணியை எடுத்து, வெறும் துணியைப் பிரித்துக் காட்டினேன். பைத்தியக்காரன் மாதிரி. அப்புறம் சொன்னேன். எடுத்தது, பையில் வைத்தது, டிராயர், முப்பத்தோராம் பக்கம், குஞ்சப்பனை.

"எத்தன டிகிரி நின்னுச்சு?" என்றான் கடைசியில்.

"எண்பத்தெட்டு."

"அந்த வளைவுல, நின்னுட்டு இருக்கறப்ப?"

"தொண்ணூத்தி ஒண்ணு போச்சு. ஃபேன் ஓடுனதும் எண்பத்தெட்டு."

"வெளிய?"

"முப்பத்தேழு."

"ஃபேன் எது?"

"நீ வச்சதுதான். ரேடியேட்டரும் நீ வச்சது. நான் மாட்டினது எல்லாத்தையும் கழட்டிட்டேன். தெர்மோஸ்டாட்டும் உன்றதுதான்."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். "அப்ப என்ற கணக்கு சரிதானுங்களா, அப்பா?"

"சரிதான் சாமி. ஒரு புள்ளிகூடத் தப்பு இல்ல."

அழுதான். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் இறங்கியது. மருமகள் ஓடி வந்தாள், கையைக் காட்டி நிறுத்தினான்.

"ரெண்டு வருஷமா ஒரு போல்ட்டப் பாத்தாக் கை நடுங்குதுங்க. புள்ளைக்குத் தொட்டில் கொக்கி மாட்டறதுக்குக்கூட ஆள் கூட்டியாந்தேன். நான் மாட்டி விழுந்துருமோன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அந்தப் பக்கத்தை நான் வெளிச்சத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எடுத்தத நான் தப்புன்னு சொல்லலீங்க. ஊரே எடுக்குது. ஆசுபத்திரில என்ற கையப் புடிச்சுட்டு, 'அந்த எஞ்சின மாத்தியிருக்க வேண்டாம் சாமி'ன்னு சொன்னீங்களே. அது தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

தெரியாமல் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பாதி தெரிஞ்சு" என்றேன்.

தலையை ஆட்டினான். அந்த நீல நோட்டைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கம்பி வழியாக என்னிடமே நீட்டினான். "பார்த்ததத்தான எழுதுவீங்க? எழுதுங்க."

"என் கணக்குத் தவறு" என்ற வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: "மறு பரிசோதனை, ஏப்ரல் 27. 88 டிகிரி. கொதிக்கவில்லை. முன்பு கொதித்த காரணம்: தெர்மோஸ்டாட் அகற்றப்பட்டது. அகற்றியவர்: மருதாசலம். பரிசோதித்தவர்: மருதாசலம்." கையெழுத்துப் போட்டேன்.

வாங்கிப் படித்தான். வெளியே வந்தான். பானெட்டைத் திறக்கச் சொன்னான். மேல் ஹோஸில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். மூடும்போது, "மைசூர்க்காரருக்கே குடுத்துருங்க. இது மலை ஏறும்னு சொல்லிக் குடுங்க" என்றான்.

"நீ எடுத்துக்கோயேன்."

"வேண்டாமுங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மருமகள் குழந்தையைக் கொஞ்ச நேரம் கேட் பக்கமாகக் காட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

மே 10

மைசூர் டிரைவர் வந்தார். நல்ல மனிதர். ஊசி எங்கே நிற்கும் என்று காட்டிக் கொடுத்தேன். எந்த மெக்கானிக் சொன்னாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்ற விடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். "பயப்படாதீங்க சார், தொட மாட்டோம்" என்றார். பூனை கேட் வரைக்கும் பின்னால் போயிற்று.

மே 11

நேற்றுச் சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிட்டாராம். "திம்பத்துல ஊசி அசையவே இல்ல சார்" என்று போனில் சொன்னார். எத்தனை என்று கேட்டேன். எண்பத்தெட்டு.

நவநீதனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "மைசூர் போய்ச் சேர்ந்தது. திம்பத்தில் 88." படித்துவிட்டான், நீலக் கோடு காட்டுகிறது. பதில் இல்லை.

மே 24

வண்டி போய் இரண்டு வாரம் ஆகிறது. வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்கு அவனுக்கு இப்போது காரணம் எதுவும் இல்லை. வரவில்லை.

வண்டி நின்ற இடத்துக்கு மேலே கொக்கியில் வசந்தாமணி பழைய சேலையில் தொட்டில் கட்டி வைத்திருக்கிறாள். நேற்றுக் காலையில் கட்டினாள், சாயங்காலம் மழைச் சாரல் அடிக்கும்போது அவிழ்த்து உள்ளே வைத்தாள். இன்றைக்கு மறுபடி கட்டினாள். கொக்கியை நான் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொன்னேன். சரி என்றாள். மூன்று வாரத்துக்கப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.